வாத்தியார் தராத பக்கம்

"வாத்தியார் பக்கம் மட்டும் இன்னும் வரலையா?"

தோட்டத்தில் வேலை வாங்கும் வடிவேலு மண்டோர் கேட்டதும், ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சேகரனுக்குக் கோபம் பொங்கியது.

"கமிட்டியில எல்லாருக்கும் வேலையைப் பிரிச்சுக் கொடுத்தேன். நீங்க துரைகிட்ட நிலத்துக்குச் சம்மதம் வாங்கிட்டீங்க. மீனம்மாக்கா வீடு வீடாப் போய்ப் பிள்ளைங்க பிறப்புப் பத்திரத்தை எல்லாம் சேர்த்துட்டாங்க. வாத்தியார் தன்னைப் பத்தி ஒரே ஒரு பக்கம் எழுதித் தரணும். அதுகூட முடியலை லா!"

மலாயாவில், பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு எமர்ஜென்சி வந்ததும், ஆட்கள் குடியிருந்த லயங்களைப் பெயர்த்து முள்வேலிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளிக்கூடமும் கூடவே வந்தது, அதே பழைய அத்தாப்பு ஓலைக் கூரையோடு. மழை பெய்தால் பிள்ளைகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். இப்போது கட்டடத்துக்கு அரசாங்கம் மானியம் தருகிறதாம். திங்கட்கிழமைக்குள் மனு ஜாசின் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும்.

சேகரன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். மனுவின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பழைய கவர் போட்டு, ஆபீஸ் அறையில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். விவரம் வந்த அன்றே அதை இங்கிலீஷில் எழுதி அந்தந்தக் கவரில் போட்டுவிடுவான். வாத்தியாரின் கவர் மட்டும் காலியாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பள்ளி விட்டதும் ராமையா வாத்தியார் குடையோடு கிளம்புவதைப் பார்த்தான். ஓடிப்போய் மறித்தான்.

"வாத்தியாரே, அந்தப் பக்கம்?"

"தரேன் தம்பி. இன்னும் கொஞ்சம் பொறுங்க."

"உங்க பேரு, படிப்பு, சர்வீஸ். எழுத வேண்டியது அவ்வளவுதான். இதுக்கு என்ன பொறுக்கிறது?"

"பஸ் போயிடும் தம்பி. வந்து பேசறேன்."

தினமும் இதே கதைதான். பள்ளி விட்டால் பஸ். திரும்புவது ஊரடங்குக்குச் சற்று முன்பு.

"மலாக்காவுல சீட்டாடப் போறாராம்," என்றாள் மீனம்மா.

சனிக்கிழமை, வாத்தியார் திரும்புவதற்குள் வேலியின் கேட்டைச் சாத்திவிட்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரன் வாத்தியாரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு சேகரனுக்கு ஆள் அனுப்பினான். "இவர் நம்ம ஸ்கூல் வாத்தியார்தான்" என்று சேகரன் போய்ச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

"எங்க போனீங்க?"

"சொந்த வேலை தம்பி."

"இந்தக் காலத்துல கேட்டுல நின்னு சொந்த வேலைன்னு சொன்னா, ஆளைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்," என்றார் வாத்தியார். குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் பள்ளிக் கமிட்டி கூடியது. வாத்தியாரைக் காணோம். முதல் பஸ்சுக்கே போய்விட்டாராம்.

"பிள்ளைங்க நனையறது அந்த மனுசனுக்கு உறைக்கவே இல்லை," என்றார் வடிவேலு.

"அந்தப் பக்கத்தை நானே எழுதிடறேன்," என்றான் சேகரன். "மானியம் வரட்டும். முதல் வேலையா வாத்தியாரை மாத்தணும்."

மீனம்மாவும் சரியென்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை விடிகாலை. பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடிந்து, அவர்கள் ரப்பர் காட்டுக்குப் போனதும், சேகரன் ஆபீசில் உட்கார்ந்து வாத்தியாரின் பக்கத்தை எழுதத் தொடங்கினான். பயிற்சி முடித்த ஆண்டு என்ற இடத்தில் பேனா நின்றது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு மானியம் கிடையாது. வாத்தியார் எந்த வருஷம் முடித்தார் என்று யாருக்குத் தெரியும்?

வாசலில் நிழல் தட்டியது. ராமையா வாத்தியார். பக்கத்தில், துணிப்பையோடு ஒரு புது ஆள்.

"தம்பி, இவர் தங்கையா. மலாக்கா பக்கம் பாச்சாங்ல இருக்காரு. ட்ரெயினிங் முடிச்ச வாத்தியார், சர்டிபிகேட் கையோட கொண்டாந்திருக்காரு. இவர் பேரை எழுதுங்க."

"அப்ப உங்க பேரு?"

"நான் ட்ரெயினிங் போனதில்லை தம்பி. ஜாசின்ல ஒரு கடையில எழுத்து வேலை பார்த்துட்டு இருந்தேன். இங்க இருந்த வாத்தியார் சுடுற சத்தத்துக்குப் பயந்து போயிட்டாரு. துரை என்னை எழுதப் படிக்கத் தெரியுமான்னு மட்டுந்தான் கேட்டாரு."

சேகரன் பேனாவைக் கீழே வைத்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே வாத்தியாரே!"

"வேற ஆள் கிடைக்காம சொன்னா, மனுவையே விட்டுடுவீங்களோன்னு பயம்."

தங்கையா குறுக்கிட்டார். "யாரு சார் இந்தப் பக்கம் வருவா? தெங்கேரா, பாச்சாங்னு இவர் கதவு தட்டாத வாத்தியார் வீடு இல்லை. நானே ரெண்டு தடவை முகத்துல அடிச்ச மாதிரி மாட்டேன்னுட்டேன். மறுபடியும் வந்து நிக்கிறாரு. பொண்டாட்டி பிள்ளையோட எங்க தங்குறதுன்னு கேட்டேன். தன் வீட்டையே காலி பண்ணித் தரேன்னாரு. அதுக்குமேல என்னத்தைச் சொல்றது?"

சேகரன் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் தங்கையாவின் பேரை எழுதினான்.

"வாத்தியாரே... நீங்க எங்க போவீங்க?"

"எங்க போறது? பிள்ளைங்க இங்கதானே இருக்கு." ராமையா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நாளையிலேர்ந்து பெரட்டுல என் பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்க தம்பி. பால் மரம் வெட்டத் தெரியாது. கத்துக்கறேன்."