பாறைச்சுவரில் கடைசி ஆலுலா

தூரிகையைப் பூவிலிருந்து எடுத்ததும் கேயாவேக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

மஞ்சள் பூ. ஐந்து இதழ், அதன் கீழே விரல் நீளத்துக்கு ஒரு குழல். அதற்குள் நாக்கை விட்டுத் தேன் குடித்த விட்டில்பூச்சியைக் கவாயித் தீவில் இப்போது யாரும் பார்ப்பதில்லை. மகரந்தத்தை மனிதர்தான் கொண்டுவர வேண்டும்.

அதுவும் நாள் பார்த்து. ஆலுலாப் பூ முதலில் தன் மகரந்தத்தை உதிர்த்துவிடும். சூல்முடி பிறகுதான் திறக்கும். திறந்திருக்கும்போது வேறொரு செடியின் மகரந்தம் வந்து சேர வேண்டும்.

இன்று திறந்திருந்தது.

இந்தச் சுவரில் மிஞ்சிய கடைசிச் செடி. கீழே முந்நூறு அடியில் கடல். மேலே, அவனைத் தொங்கவிட்டிருந்த கயிற்றருகே அவன் அக்கா நானேயா, எட்டு வருடமாக இந்தப் பூவுக்காகக் காத்திருந்தவள். பாறை துருத்திக்கொண்டிருந்ததால் அவன் அவள் கண்ணுக்குத் தெரியமாட்டான். குரல் மட்டும் கேட்கும்.

"வச்சாச்சுக்கா! இழு!"

கயிறு அசையவில்லை.

அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே ஒரு வெடிப்பில் கயிறு ஆழமாகச் சிக்கியிருந்தது. அவள் இழுக்க இழுக்க அதன் உறை கிழிந்து, உள்நூல் வெள்ளையாகத் தெரிந்தது.

"டேய், உன் பாரம் இருக்குற வரைக்கும் அது வெளிய வராது. எதையாவது பிடிச்சு ஒரு முழம் மேல ஏறு. நான் உதறி எடுத்துடறேன்."

இடப்பக்கம் துழாவினான். பாறை பிஸ்கட் மாதிரி பொடிந்தது. வலப்பக்கமும் அப்படியே. கால் வைத்திருந்த விளிம்பிலிருந்து கற்கள் ஒவ்வொன்றாக நழுவின.

கைக்கெட்டும் தூரத்தில் உறுதியாக நின்றது ஒன்றே ஒன்றுதான். அடியில் புட்டி போலப் பருத்த ஆலுலாத் தண்டு.

அதைப் பார்த்தபடியே தொங்கினான். வெயில் சுவரின் மறுபக்கம் போயிற்று. கால் மரத்தது. ஹனலெயில் சேம்பு வயலில் நிற்கும் மனைவியை நினைத்தான்.

கயிற்றில் இன்னொரு இழை அறுந்தது.

"ஏதாச்சும் கிடைச்சுதாடா?"

"கிடைச்சுதுக்கா."

கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான்.

பாரம் குறைந்ததும் அவள் உதறினாள். கயிறு விடுபட்டது. பிடித்திருந்த தண்டு வேரோடு பெயர, ஒரு கணம் கீழே போனான். பிறகு கயிறு தாங்கிக்கொண்டது.

மேலே ஏறி வந்தபோது நானேயா மண்டியிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூவைப் பற்றிக் கேட்கவில்லை.

"என்னமோ கடல்ல போய் விழுந்துச்சுடா. நீதான்னு நெனச்சுட்டேன்."

அவன் வாயைத் திறந்தான். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

பையிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். எழுதி முடித்து அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

'நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே செடி காற்றில் விழுந்துவிட்டது.'