கீழே நிற்பவரின் கையுறை

பனிச்சுவரில் ஏறுகிறவருக்கு மெல்லிய கையுறை. கீழே நின்று கயிறு பிடிப்பவருக்குத் தடித்தது. கடைக்காரர் சவரிமுத்து இரண்டையும் மேஜைமேல் வைத்தார். குயிலி தனக்கானதைத் தொடவே இல்லை. தடித்ததை மாட்டிக்கொண்டு, கடையில் சோதித்துப் பார்ப்பதற்கென்றே கிடந்த கயிற்றைப் பிடித்தாள். மறுமுனையை அவர் இழுத்தார். கயிறு அசையவில்லை.

“வேற குடுங்கண்ணே.”

அடுத்த ஜோடியிலும் அசையவில்லை. அதற்கடுத்ததிலும்.

“இதவிட கெட்டியா பிடிக்கிறது எங்கயும் கிடைக்காதும்மா. யாரு கயிறு பிடிக்கப்போறா?”

“என் தங்கச்சி. போன வருஷம் வரைக்கும் அவருதான் பிடிச்சாரு.”

பையிலிருந்து கணவன் இளம்பரிதியின் பழைய கையுறைகளை எடுத்து வைத்தாள். பனி சரிந்து வந்தபோது அவன் கயிற்றை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் மேலே இருந்த அவள் விழுந்திருப்பாள். தோண்டி எடுத்தபோதும் கயிறு அவன் பிடியில்தான் இருந்தது. அடுப்பருகே எத்தனை முறை காயவைத்தும் அந்த வெற்றுக் கையுறைகள் விரியவில்லை.

சவரிமுத்து ஒரு விரலை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார். அவர் கையை எடுத்ததும் அது மெல்ல மடங்கிக்கொண்டது.

“அண்ணே, விடணும்னு தோணுனா உடனே விட்டுடுற மாதிரி ஒண்ணு குடுங்க,” என்றாள் குயிலி.