சிவப்புப் பெட்டி

ஆஸ்பத்திரிகளின் மருந்துப் பக்கத்துக்கான நிரலில், வெறும் கமெண்ட்தானே, புரோகிராமர்கள் தங்களுக்காக எழுதிவைக்கும் குறிப்புதானே என்று தமயந்தி காலையில் சில வரிகளை அழித்திருந்தாள். கமெண்ட் குறிக்குள் கிடப்பதை எந்தப் பிரவுசரும் சீண்டாது. பழைய பிரவுசர் ஒன்று மட்டும் உள்ளே புகுந்து படித்து, சொன்னதைச் செய்யும் என்பது சாயங்காலம்தான் தெரியவந்தது. அந்தப் பழசு இன்னும் ஓடுவது ஒரே இடத்தில், மலை ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில். மருந்தின் அளவு மீறினால் திரையில் சிவப்புப் பெட்டியைக் காட்டச் சொன்னவை அந்த வரிகள்தான். உடனே போன் போட்டாள். நர்ஸ் சகாயமேரி சிரித்துக்கொண்டே பேசினார். “என்ன மாத்தினீங்களோ மேடம், நல்லா இருப்பீங்க. தெனம் செவப்பக் காட்டி உசிர வாங்கும். இன்னைக்கு ஒரு தடவகூட வரல. எல்லாப் பிள்ளைக்கும் அளவு சரியா இருக்கு.”