யாரும் தொடாத பேனா

"மலைக்குக் காது இருக்கா டீச்சர்?" என்று முன்பு ஒருநாள் வெனிங் கேட்டாள். இன்று அவள் இடம் காலி. ஜன்னலுக்கு வெளியே எரிமலையின் உச்சி மேகத்துக்குள் இருக்கிறது. காலையிலிருந்து ஒரு சேவலும் கூவவில்லை. ஐந்தாம் வகுப்பு மேசையில், பிள்ளைகள் குழுவாகச் செய்த நில அதிர்வுமானி நிற்கிறது: கயிற்றில் தொங்கும் கல், கல்லின் அடியில் பேனா, அதன் கீழே காகிதம். பகாஸ் கட்டினான், லாரஸ் படம் வரைந்தாள், அதிரும் நேரத்தைக் குறிக்க வேண்டியவள் வெனிங். குழுத்தாளில் பெயர் இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை. பகாஸ் அவள் பெயரை ரப்பரால் அழிக்கிறான். "மூணு நாளா ஆளக் காணோம், பேரு மட்டும் வேணுமா?" "மலை மேல இருக்குற மாடுங்கள இறக்கப் போயிருக்காடா," என்கிறாள் லாரஸ். "அப்போ மாட்டுக்கிட்டயே மார்க் வாங்கிக்கட்டும்." வகுப்பு சிரிக்கிறது. பேனா தானாக அசைந்து காகிதத்தில் கோடு இழுக்கிறது. சிரிப்பு நிற்கிறது. "பையெல்லாம் வேணாம், மைதானத்துக்கு நடங்க," என்கிறார் டீச்சர், குரலை உயர்த்தாமல்.

லாரஸ் கடைசியாக எழுகிறாள். வகுப்பில் அவரைச்செடி வளர்த்த மாதம், லாரஸ் காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் அவள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, அவள் பெயரிலேயே உயரம் குறித்துவைத்தவள் வெனிங். காலி வகுப்பில் லாரஸ் பென்சிலை எடுக்கிறாள். குழுத்தாளின் நேரக் கட்டத்தில் பத்து மணி பத்து நிமிடம் என்று குறிக்கிறாள். பிறகு உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்லி, அழித்த தடத்தின் மேலேயே வெனிங் என்று அழுத்தி எழுதுகிறாள். பேனா இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.