வைக்கோல் கால்

"புல் கால்! வைக்கோல் கால்! தூக்குடா, மரமண்டை!"

மாட்டுக் கொட்டகைக்குள்ளிருந்து கணவன் ஏசாவின் அதட்டல் கேட்டதும் ஹல்டா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

இடது வலது தெரியாத பட்டிக்காட்டு ஆட்களுக்கு இடது காலில் புல்லையும் வலது காலில் வைக்கோலையும் கட்டி நடை பழக்குவது அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் வழக்கம். ஏசாவும் அப்படித்தான் பழகிப் போருக்குப் போனான்.

போர் இன்னும் முடியவில்லை. அவள் தம்பி லைமனுக்குப் போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. போதாக்குறைக்கு, நேற்று ரயிலில் ஏசா பெயருக்கு நீளமாக ஒரு பெட்டி வந்திருந்தது. துப்பாக்கியாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"என்ன ஹல்டா, உன் தம்பியையும் பட்டாளத்துக்கு அனுப்பறாரா?" வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்துப் பண்ணை ப்ரூடென்ஸ் கேட்டாள்.

"அனுப்பிடுவாரா? நான் விட்டுடுவேனா?"

ஹல்டா ஓடிப்போய்க் கொட்டகைக் கதவை எட்டி உதைத்தாள்.

"நீங்க போய்ப் பட்டது போதாதா? லைமனை வெளிய விடுங்க!"

"லைமனா? அவன் காலையிலயே மாவு மில்லுக்குப் போயிட்டானே!"

உள்ளே வேறு யாரும் இல்லை. ஏசா தூணைப் பிடித்தபடி வியர்த்து நின்றான். பக்கத்தில் பெட்டி திறந்து கிடந்தது. இடது பூட்ஸில் புல்லைக் கட்டியிருந்தான். வைக்கோலைக் கட்டியிருந்தது, ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்த வலது காலுக்குப் பதிலாக அரசாங்கம் அனுப்பிய மரக்காலில்.

"கத்தாதடி," என்றான் ஏசா. "புதுசா சேர்ந்தவன். நேத்துதான் வந்தான். மிரண்டுடப் போறான்."