கதவுக்கு அந்தப் பக்கம்

சாவி வெளியே இருந்தது. ரூபேந்திரன் உள்ளே இருந்தான்.

பெண் பார்க்க வந்த வீட்டில், படுக்கையறையோடு சேர்த்துக் கட்டிய கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பினால், அறைக் கதவு பூட்டியிருந்தது. லாபிஸ் ரயில் பாதையோரத்துப் பழைய பலகை வீடு. தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு இல்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ போகிறபோக்கில் பூட்டிவிட்டார்கள் போல.

குனிந்து சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தான். ஒரே இருட்டு. சாவி அதிலேயே தொங்குகிறது.

கத்தலாம். கத்தினால், கூடத்தில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இரண்டு குடும்பமும் எழுந்து வரும். பெண்ணும் வருவாள். மாப்பிள்ளைக்குக் கதவு திறக்கத் தெரியவில்லை என்கிற செய்தி, அவனுக்கு முன்னால் அவன் ஊரான தெப்ராவுக்குப் போய்ச் சேரும்.

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இரண்டுக்கும் காரணம் பங்களா.

பங்களா என்பது தொண்ணூறுகளில் வந்த ஒரு கணினி விளையாட்டு. சுடவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். பாழடைந்த பங்களாவுக்குள் மௌஸால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, அகப்பட்டதை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு, எதை எதோடு சேர்த்தால் எந்தக் கதவு திறக்கும் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடி வெகு காலமாகிறது. இன்றைய கணினி எதிலும் அது ஓடாது. அதைத் தூசு தட்டி, படம் படமாக மறுபடி கட்டி எழுப்புவதுதான், தொழிற்சாலை வேலை போக மிச்சமிருக்கும் ரூபேந்திரனின் வாழ்க்கை.

சிம்பாங் ரெங்கத்தில் பார்த்த பெண்ணிடம் இதை விளக்க ஆரம்பித்து, ஆறாவது அறைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தபோது எதிரே பெண் இல்லை. அவளுடைய சித்தப்பா உட்கார்ந்திருந்தார்.

"கேம் கேம்னு வாயத் தொறந்தே, நான் அங்கேயே பஸ் ஏறிப் போயிடுவேன், பாத்துக்க" என்று இன்று காரில் வரும்போதே அம்மா சொல்லிவிட்டாள்.

ஆகவே அவன் கத்தவில்லை. நாற்பதை நெருங்கும் ஒரு மனிதன், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான். அறையை இடமிருந்து வலமாகப் பார்த்தான்.

இஸ்திரி மேசை. அதன்மேல் நேற்றைய பேப்பர். ஒரு கம்பி ஹேங்கர். ஒரு தைல பாட்டில். ஒரு சீப்பு.

சீப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எதற்கென்று தெரியாது. பங்களாவில் எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். தைலத்தை ஹேங்கரில் தடவிப் பார்த்தான். கண் எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

அப்புறம்தான் பேப்பர் கண்ணில் பட்டது.

பங்களாவின் மூன்றாவது கதவு. கதவுக்கடியில் பேப்பரை விரித்துத் தள்ள வேண்டும். கம்பியால் துவாரத்தில் இருக்கும் சாவியைக் குத்த வேண்டும். பேப்பரில் விழும் சாவியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்துக்காகத்தான் கூரா-கூராவோடு அவனுக்குச் சண்டை. கூரா-கூரா என்ற மலாய்ப் பெயரில், அதற்கேற்ற ஆமைப் படத்தோடு இணையத்தில் வந்து சேர்ந்த கூட்டாளி. இவன் கட்டும் அறைகளை விளையாடிப் பார்த்துக் குறை சொல்வது அவர் வேலை. முகம் பார்த்ததில்லை. பத்து பகாட் ஊர்ப் பக்கம், பனியனும் வழுக்கையுமாக ஒருத்தரை ரூபேந்திரன் மனதில் வரைந்து வைத்திருந்தான்.

'நெஜத்துல சாவி குதிச்சி ஓடும் ப்ரோ. பேப்பர்ல எல்லாம் உக்காராது. இந்தக் கட்டத்தத் தூக்குங்க ப்ரோ' என்று மாதக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார். நேற்று இவன், 'நாளைக்கு வேலை ஓடாது, அம்மா லாபிஸுக்குப் பொண்ணு பாக்க இழுத்துட்டுப் போறாங்க' என்று எழுதியபோது, பதில் வர வெகுநேரமானது.

'எனக்கும் நாளைக்குக் கை ஓயாது ப்ரோ.'

ரூபேந்திரன் பேப்பரைத் தள்ளினான். ஹேங்கரை நிமிர்த்திக் குத்தினான். சாவி விழுந்தது. டிங் என்றது. மறுபடி டிங் என்றது. தள்ளி எங்கேயோ போய் இன்னொரு முறையும் டிங் என்றது.

பேப்பரை இழுத்தான். ஒரு நடிகையும் தங்க விலையும் வந்தார்கள். சாவி வரவில்லை.

கூரா-கூரா சொன்னதுதான் சரி. அதை அந்நியர் வீட்டுப் படுக்கையறையில் முட்டிபோட்டுக்கொண்டு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கூடத்தில் அம்மா, "பையன் போயி ரொம்ப நேரமாச்சே லா..." என்று யாரிடமோ இழுப்பது கேட்டது.

வேறு வழி தெரியவில்லை. மூன்றாவது கதவுக்கு ஒரு கடைசி மரியாதை போல, பேப்பரை மறுபடி தள்ளினான். சும்மா கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு இழுத்தான்.

நட்ட நடுவில், தங்க விலைக்கு மேலே, சாவி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

கதவைத் திறந்தான்.

எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள் சாந்தினி, அவன் பார்க்க வந்த பெண். காபி கொடுக்கும்போது நிமிராத அந்த முகம், இப்போது சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தது.

"சாவி குதிச்சி ஓடும்னு சொன்னேன்ல?" என்றாள், கூடத்துக்குக் கேட்காத குரலில். "பரவால்ல, அந்தக் கட்டம் இருந்துட்டுப் போவுது."

ரூபேந்திரன் அவளையும் கையிலிருந்த சாவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் கூடத்தை நோக்கி நடந்தாள். இரண்டடி போய்த் திரும்பி, அவன் சட்டைப்பையைக் கண்ணால் காட்டினாள்.

"சீப்ப வச்சிட்டு வாங்க, ப்ரோ."