கன்னம் இல்லாத எருமை

மாடுகளுக்கு இலவசப் புண்ணாக்கு கொடுக்கும் கிடங்கு அது. வாசலில் இருந்த நாயைத் துரத்திவிட்டு, முகம் பார்க்கும் மெஷின் ஒன்றை மாட்டினார்கள். நாய் தெரிந்தவர்களைப் பார்த்து வாலாட்டுகிறதாம். மெஷினுக்கு வாலே கிடையாதாம், அதனால் ஊழலும் நடக்காதாம்.

பெயர் பதிய கொழுகொழுவென்று வந்து படம் பிடித்துக்கொண்டு போயிருந்த எருமை மாயக்கா, புண்ணாக்கு வாங்க வந்து நின்றாள். "நெட்வொர்க் இல்லை, நாளைக்கு வா" என்றது மெஷின். மறுநாள் வெளிச்சம் பத்தவில்லை. அதற்கப்புறம் கொம்பு மறைத்தது. நடையாய் நடந்து மாயக்கா எலும்பும் தோலுமாகிப் போனாள்.

கடைசியில் மெஷினுக்கே சலித்துவிட்டது. "இங்க பாரு, படத்துல இருக்கிற எருமைக்குக் கன்னம் புஸ்ஸுன்னு இருக்கு. உனக்குக் கன்னமே இல்லையே!"

"தின்னாத்தானே தம்பி கன்னம் வரும்? புண்ணாக்கைக் கொடு, கன்னத்தோட வர்றேன்."

"முதல்ல கன்னம், அப்புறம்தான் புண்ணாக்கு. ரூல்ஸ் அப்படி."

அந்த நேரம் பார்த்து, கிடங்குக்குள்ளிருந்து ஒரு பெருச்சாளி ஏப்பம் விட்டபடி வெளியே வந்தது. நல்ல கறுப்பு. தின்ற புண்ணாக்கில் முகம் உப்பிப் போயிருந்தது. மெஷினில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"வாங்க மாயக்கா! இவ்வளவு நாளா எங்க போயிட்டீங்க? உங்க மூட்டை ரெடி."

பெருச்சாளி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"என்னால தூக்க முடியாது தம்பி. அந்த எருமை சும்மாதானே நிக்குது, அதை வளை வரைக்கும் தூக்கிட்டு வரச் சொல்லு."